சவரக்கத்தி பழகுவது எப்படி? முதல் ஆறு வாரங்கள்

நீங்கள் இப்போது பயன்படுத்தும் ரேசர் உங்களுக்காக இரண்டு வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. பிளேடு தோலில் எந்தச் சாய்வில் படவேண்டும், கூர் எவ்வளவு வெளியே தெரியவேண்டும் என்பதை அதன் தலைப்பகுதியே முடிவு செய்கிறது. 1903இல் ஜில்லெட்டின் ரேசர் விற்பனைக்கு வந்ததிலிருந்து அந்தக் கவலை நம் கையை விட்டுப் போய்விட்டது. சவரக்கத்தியை எடுத்ததும் அது திரும்பிவரும்.

கற்றுக்கொள்ள முடியாத வித்தை அல்ல இது. தனக்குத் தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று பாரிஸைச் சேர்ந்த கத்தி வினைஞர் ழான்-ழாக் பெரே 1769இலேயே ஒரு புத்தகம் எழுதினார். புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் கத்தி பிடிக்கும் கையையே கவனிக்கிறார்கள். பாதி வேலை மறு கையுடையது. தோலை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கை சரியாக இருந்தால் கத்தி தானாக வழுக்கிச் செல்லும். அடுத்த முறை சலூன் நாற்காலியில் உட்காரும்போது கத்தியைப் பார்க்காமல் சவரம் செய்பவரின் இன்னொரு கையைப் பாருங்கள். அது ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது.

தொடங்குமுன் படிக்க வேண்டியவை

கீழ்க்கண்டவர்கள் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள், அல்லது மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்:

- இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்
- சர்க்கரை நோயால் புண் ஆறத் தாமதமாகிறவர்கள்
- கை நடுக்கம் உள்ளவர்கள்
- முகத்தில் கொப்புளப் பரு, படை, ஆறாத புண் உள்ளவர்கள்

மூன்று விதிகளுக்கு விலக்கே இல்லை:

1. உங்கள் கத்தி உங்களுக்கு மட்டும். அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். மஞ்சள் காமாலை பி, சி வைரஸ்கள் இரத்தம் வழியாகப் பரவுபவை. பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்களாவது உயிர்ப்போடு இருக்கும்.
2. கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். கையை விலக்கி, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விழ விடுங்கள்.
3. அவசர நாளில் வேண்டாம். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதென்றால் பழைய ரேசரை எடுங்கள். முதல் சில வாரங்களுக்கு விடுமுறை நாளோ இரவு நேரமோதான் சரி. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் ஆபத்து.

எந்தக் கத்தி?

இரண்டு வகை உண்டு.

*அரை பிளேடு கத்தி:* நம் ஊர் சலூன்களில் இருப்பது இதுதான். இருபுறக் கூர் உள்ள பிளேடை நடுவில் உடைத்து, ஒரு பாதியைச் செருகிக்கொள்வார்கள். விலை குறைவு, தீட்டும் வேலையும் கிடையாது. ஆனால் எடை குறைவாக இருப்பதால் கை தெரியாமலேயே அழுத்திவிடும்; புது பிளேடு தவறை மன்னிக்காது.

*முழுக் கத்தி:* அலகும் கூரும் ஒரே எஃகுத் துண்டு. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், பிரான்ஸின் தியேர் ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர்பெற்றவை. எடை இருப்பதால் அழுத்தத் தேவையில்லை, தோலுக்கும் இதம். ஆனால் ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோல் வாரில் தீட்டவேண்டும்.

செலவு செய்யத் தயங்குபவர்கள் அரை பிளேடு கத்தியில் பழகலாம். இந்த அத்தியாயத்தில் வார் தீட்டும் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் இரண்டுக்கும் பொருந்தும்.

முழுக் கத்தி வாங்குபவர்கள் பார்க்கவேண்டியவை:

- அலகின் அகலம் 5/8 அல்லது 6/8 அங்குலம். இதைவிட அகலமானது மூக்குக்கடியில் எளிதில் நுழையாது.
- அலகின் நுனி வளைவாக இருக்கட்டும். சதுர நுனியின் மூலை காது மடலையும் உதட்டோரத்தையும் கிழித்துவிடும்.
- பழைய கத்தி என்றால் வெளிச்சத்தில் பிடித்துக் கூரை ஒட்டிய பகுதியைப் பாருங்கள். விரிசலோ துருக்குழியோ இருந்தால் வேண்டாம். முதுகில் இருக்கும் கறையால் கெடுதல் இல்லை.
- "சவரத்துக்குத் தயாராகத் தீட்டியிருக்கிறதா?" என்று விற்பவரிடம் கேளுங்கள். புதுக் கத்திகளில் பல அப்படி வருவதில்லை. முன்கை முடிக்குச் சற்று மேலே, தோலைத் தொடாமல் கத்தியை நகர்த்தினால் முடி நுனிகள் அறுந்து விழவேண்டும்.

> எச்சரிக்கை: தெருவில் சாணை பிடிப்பவரிடம் சவரக்கத்தியைக் கொடுக்காதீர்கள். அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் அந்தச் சக்கரம் சரி. சவரக்கத்தியின் மெல்லிய கூர் அதன் சூட்டில் பதம் கெட்டுவிடும். பிறகு மீட்க முடியாது.

கூடவே தேவைப்படுபவை

- 3 அங்குல அகலமுள்ள தோல் வார், முடிந்தால் பின்பக்கம் துணி வைத்தது. முதல் வாரை மலிவாக வாங்குங்கள். பழகும்போது எப்படியும் கீறல் விழும்.
- சவர சோப்பு அல்லது கிரீம், பிரஷ்
- படிகாரக் கல்
- கழுத்துவரை தெரியும் கண்ணாடி, நிழல் விழாத விளக்கு
- உலர்ந்த சிறு துண்டு இரண்டு: ஒன்று கத்திக்கு, ஒன்று விரலுக்கு
- உங்கள் பழைய ரேசர். முதல் ஐந்து வாரங்களும் அது கூடவே இருக்கும்.

வாரில் தீட்டுதல்

கூரின் விளிம்பு ஒவ்வொரு சவரத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் மடங்கும். வார் அதை நிமிர்த்துகிறது. உண்மையான கத்தியை எடுப்பதற்கு முன், பிரெட்டுக்கு வெண்ணெய் தடவும் கத்தியை வைத்து ஒரு வாரம் பழகுங்கள்.

1. வாரை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவிலான உயரத்தில் உறுதியான கொக்கியில் மாட்டி, மறு கையால் விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள்.
2. கத்தியைத் தட்டையாக வையுங்கள். முதுகும் கூரும் ஒருசேர வாரைத் தொடவேண்டும்.
3. முதுகு முன்னே செல்ல, கூர் பின்னே வரும்படி நகர்த்துங்கள். திசை மாறினால் வாரும் அறுபடும், கூரும் போகும்.
4. முனைக்கு வந்ததும் நின்று, கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே புரட்டிப்போட்டுத் திரும்பி வாருங்கள். போய் வருவது ஒரு சுற்று.
5. துணிப்பக்கம் 20 சுற்று, தோல்பக்கம் 40 சுற்று. கத்தியின் எடையே போதும், அழுத்தாதீர்கள்.

*வழக்கமான தவறுகள்:* வார் தொய்ந்திருப்பது, திருப்பும்போது முதுகைத் தூக்குவது, சினிமாவில் பார்த்த வேகத்தில் வீசுவது. இவை மூன்றும் கூரை உருட்டி மழுக்கிவிடும். வேகம் சில மாதங்களில் தானாக வரும்.

உங்கள் முகத்தின் வரைபடம்

ஒருநாள் தாடியோடு முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாகப் போகும் திசைதான் முடி வளரும் திசை. சொரசொரப்பாகத் தடுப்பது எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ்தான். கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறும்: சிலருக்குப் பக்கவாட்டில், சிலருக்குக் கீழிருந்து மேலாக, சிலருக்குக் குரல்வளையருகே சுழியாக. ஒரு தாளில் முகம் வரைந்து அம்புக்குறி இட்டுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். முதல் ஆறு வாரங்களும் அம்பு காட்டும் திசையில் மட்டும்தான் கத்தி போகவேண்டும்.

நுரை

குளித்த உடனே சவரம் செய்வது நல்லது. ஊறிய முடி எளிதாக அறுபடும். குளிக்காவிட்டால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள்.

பிரஷ்ஷை நனைத்து உதறி, சோப்பில் சுழற்றி, முகத்தில் வட்டமாகத் தேயுங்கள். இடையிடையே சில சொட்டுத் தண்ணீர் சேருங்கள். நுரை கெட்டித் தயிர் பதத்தில், பளபளப்பாக இருக்கவேண்டும். பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் அதிகம். மங்கலாக, ஒட்டிக்கொள்வதாக இருந்தால் குறைவு.

> குறிப்பு: உங்கள் வீட்டு போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை எழும்பாது, எழுந்தாலும் உடனே அடங்கும். சோப்பைக் குறை சொல்லாமல் ஒரு குவளை குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பும் சாய்வும்

கத்தியைத் திறந்து, பிடி முதுகுப்பக்கமாக மேல்நோக்கி நிற்கும்வரை கொண்டுவாருங்கள். அலகுக்கும் பிடிக்கும் நடுவிலுள்ள கழுத்துப் பகுதிதான் உங்கள் விரல்களுக்கான இடம். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் கழுத்தின் மேற்புறம், கட்டைவிரல் கீழ்ப்புறம், சுண்டுவிரல் பின்னே நீண்டிருக்கும் வால் மீது. தளர்வாகப் பிடியுங்கள். விரல் நகம் வெளுத்தால் இறுக்கம் அதிகம்.

சாய்வு ஏறத்தாழ 30 பாகை. அளப்பதற்கு எளிய வழி: கத்தியைக் கன்னத்தில் தட்டையாகப் படியவைத்து, முதுகை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். முதுகுக்கும் தோலுக்கும் இடைவெளி, முதுகின் தடிமனைப் போல் இரண்டு மடங்கு ஆனதும் நிறுத்துங்கள். அதைவிட உயர்ந்தால் தோல் சிராய்க்கும். தாழ்ந்தால் முடியை அறுக்காமல் பிடித்து இழுக்கும்.

வலக் கன்னத்துக்கு வலக்கை, இடக் கன்னத்துக்கு இடக்கை என்று தொடக்கத்திலிருந்தே பழகுங்கள். ஒரே கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனால் கண்ணாடி மறையும். இந்த வேலையில் எந்தக் கைக்கும் முன் அனுபவம் இல்லை. அதனால் இடக்கையும் நீங்கள் நினைப்பதைவிட விரைவில் பழகிவிடும்.

*கத்தியில்லாப் பயிற்சி:* காலாவதியான ஏ.டி.எம். அட்டையை எடுத்து, நுரை தடவிய முகத்தில் முழுச் சவரமும் செய்து பாருங்கள். பிளேடு செருகாத அரை பிளேடு கத்தி இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடியில் இடவலக் குழப்பம் தீரும்வரை இதைத் தொடருங்கள்.

முதல் சவரம்: கன்னம் மட்டும்

ஓரிரு நாள் தாடி இருந்தால் போதும். நீண்டு வளர்ந்திருந்தால் முதலில் டிரிம்மரால் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. முகம் முழுவதும் நுரை போடுங்கள். விரல்களைத் துண்டில் நன்கு துடையுங்கள்; ஈர விரலுக்குத் தோல் பிடிபடாது.
2. வலக் கன்னத்தில் தொடங்குங்கள். இடக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, கிருதாவுக்குச் சற்று மேலே விரல்களைப் பதித்துத் தோலை மேல்நோக்கி இழுங்கள். கத்தி கீழே போகும்போது தோல் மேலே இழுபடவேண்டும். எப்போதும் இரண்டும் எதிரெதிர்.
3. கூரைத் தோலில் வையுங்கள், சாய்வைச் சரிபாருங்கள், மூச்சை விடுங்கள்.
4. ஓர் அங்குல நீளத்துக்கு மட்டும் கீழே இழுத்து நிறுத்துங்கள். கத்தியை முகத்திலிருந்து விலக்கிய பிறகே அடுத்த இடத்துக்குப் போங்கள்.
5. கூர் தோலில் இருக்கும்போது பக்கவாட்டில் ஒரு மயிரிழைகூட நகராதீர்கள். சவரக்கத்தியில் ஆழமாக வெட்டுவது இந்த அசைவுதான். கூருக்குச் செங்குத்தான திசையில் செல்லும்வரை அது முடியை மட்டும் எடுக்கும். கூரின் நீளவாக்கில் நகர்ந்தால் தோலை அறுக்கும்.
6. முந்தைய இழுப்பின்மேல் பாதி படியும்படி அடுத்ததை எடுத்துக்கொண்டே தாடை விளிம்புவரை வாருங்கள். விரலையும் கூடவே கீழே இறக்குங்கள். அது எங்கிருந்தாலும் கத்தி செல்லும் பாதைக்குக் குறுக்கே மட்டும் இருக்கக்கூடாது.
7. தாடை விளிம்பில் நிறுத்துங்கள். கை மாற்றி இடக் கன்னம்.
8. மீதி முகத்தைப் பழைய ரேசரால் முடியுங்கள்.

முடி கொஞ்சம் மிச்சமிருக்கும். அதைத் துரத்திக்கொண்டு நுரையில்லாத தோலில் மறுபடி கத்தி வைக்காதீர்கள். முதல் நாள் எரிச்சல் பெரும்பாலும் அந்த ஆசையால் வருவதுதான்.

வாரம் ஒரு பகுதி

- 1, 2ஆம் வாரம்: கன்னங்கள்.
- 3ஆம் வாரம்: தாடையின் பக்கங்கள். எலும்பு விளிம்பில் நேரடியாகக் கத்தி வைக்காதீர்கள். விளிம்பின் தோலைக் கன்னத்துக்கு மேலே இழுத்துக்கொண்டால் வளைந்த இடம் சமதளமாகும்.
- 4ஆம் வாரம்: கழுத்து. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, உங்கள் அம்புக்குறிப்படி மட்டும் இழுங்கள். குரல்வளை மேட்டின்மீது கத்தி வேண்டாம். அந்தத் தோலைப் பக்கவாட்டில் இழுத்துத் தசைமேல் கொண்டுவந்து அங்கே மழியுங்கள்.
- 5ஆம் வாரம்: மோவாய். கடினமான இடம் இதுதான். முடி தடிப்பு, தளம் உருண்டை. கீழுதட்டைப் பல்லின்மேல் உள்ளே மடித்துக்கொண்டால் உதட்டடிக் குழி விரியும். அரை அங்குல இழுப்புகள் போதும். ஒவ்வொன்றுக்கும் சாய்வைப் புதிதாகச் சரிபாருங்கள்.
- 6ஆம் வாரம்: மேலுதடு. உதட்டைப் பல்மீது கீழ்நோக்கி இழுத்து, மறு கையால் மூக்கு நுனியைச் சற்று உயர்த்துங்கள். மேலிருந்து கீழாக மட்டும், உதட்டுச் சிவப்புக்கு முன்பே நிறுத்துங்கள். நுனி மூலை எங்கே இருக்கிறது என்பதில் ஒரு கண் இருக்கட்டும்.

மீசை வைத்திருப்பவர்களுக்கு ஆறாவது வாரம் எளிது. ஆனால் மீசைக்கு ஓரம் கட்டுவதை இன்னும் சில வாரங்கள் பழைய ரேசருக்கே விடுங்கள். ஒரு பக்கம் ஏறிவிட்டால் மறுபக்கத்தையும் ஏற்றி, கடைசியில் மீசையே மிஞ்சாது.

ஒரு வாரத்தின் பகுதியில் கத்தி வெட்டாமல், எரியாமல் மூன்று சவரம் தொடர்ந்து முடித்தால்தான் அடுத்ததற்குப் போங்கள். கழுத்துக்கே மூன்று வாரம் ஆனாலும் நஷ்டமில்லை.

என்ன தவறு? எப்படித் திருத்துவது?

- முடியைப் பிடித்து இழுக்கிறது: கத்தி மழுங்கியிருக்கலாம் அல்லது சாய்வு குறைவு. மறுபடி வாரில் தீட்டுங்கள். அப்போதும் இழுத்தால் சவரத்தை நிறுத்துங்கள். அழுத்தி ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.
- சவரத்துக்குப் பின் முகம் எரிகிறது: சாய்வு அதிகம், அழுத்தம் அதிகம், அல்லது ஒரே இடத்தில் பல முறை.
- மெல்லிய நீளக் கீறல்: கத்தி பக்கவாட்டில் நழுவியிருக்கிறது. இழுப்பின் நீளத்தைப் பாதியாக்குங்கள்.
- புள்ளிப் புள்ளியாக இரத்தம்: தோல் தளர்வாக இருந்திருக்கிறது, அல்லது முடிக்கு எதிராகப் போயிருக்கிறீர்கள். மறு கையைக் கவனியுங்கள்.
- இரண்டு நாள் கழித்துச் சிறு கட்டிகள்: வெட்டிய முடி தோலுக்குள் திரும்பி வளர்கிறது. சுருள்முடிக்காரர்களுக்கு இது அதிகம். எதிர்த்திசைச் சவரம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

வெட்டுப்பட்டால்

1. கத்தியை முதலில் கீழே வையுங்கள்.
2. சிறு கீறல் என்றால் குளிர்ந்த நீரில் கழுவி, நனைத்த படிகாரத்தை மெல்ல ஒற்றுங்கள்.
3. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள்.
4. வெட்டு வாய் பிளந்திருந்தாலோ, பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

வெட்டு இல்லாத நாளிலும் குளிர்ந்த நீரில் கழுவியபின் ஈரப் படிகாரத்தை முகம் முழுவதும் தடவி ஒரு நிமிடம் விட்டுக் கழுவலாம். எங்கே எரிகிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். அதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

கத்தியைப் பராமரித்தல்

1. ஓடும் நீரில் கழுவுங்கள். குழாயில் கூர் இடித்தால் சில்லு தெறிக்கும்; கத்தியைக் குழாயிலிருந்து தள்ளியே பிடியுங்கள்.
2. துண்டில் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடையுங்கள். கூரின் நீளவாக்கில் துடைத்தால் விரல் போகும்.
3. ஆணிப் பகுதியில் தண்ணீர் தேங்கும். ஒரு மணி நேரம், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் திறந்து உலரவிட்டு, பிறகு மூடுங்கள்.
4. கடலோர ஊரிலோ மழைக்காலத்திலோ ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெயை அலகில் பூசுங்கள். குளியலறையில் வைக்காதீர்கள், ஈரக்காற்றே துருவேற்றிவிடும்.
5. வாரை மடிக்காமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அரை பிளேடு கத்திக்காரர்கள், பிளேடை அதன் காகித உறையோடு சேர்த்து மடித்து உடையுங்கள். வெறும் கையால் வேண்டாம். பழைய பாதிகளை மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்துவையுங்கள். குப்பையில் அப்படியே போட்டால் அதை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையைக் கிழிக்கும்.

விமானப் பயணத்தில் கத்தியும் பிளேடும் கைப்பையில் போகாது. சரக்குப் பெட்டியில் வையுங்கள்.

அடுத்த படிக்குத் தயாரா?

கீழே உள்ள நான்குக்கும் "ஆம்" என்று சொல்ல முடிந்தால், இரண்டாவது முறை நுரை போட்டு, முடி வளரும் திசைக்குக் குறுக்காக மழிப்பதைக் கன்னத்தில் தொடங்கலாம்:

1. முகம் முழுவதையும் பழைய ரேசரின் உதவியின்றி முடிக்கிறீர்களா?
2. படிகாரம் தடவும்போது எங்கும் கடுமையாக எரியாமல் இருக்கிறதா?
3. இரண்டு கைகளாலும் கத்தி பிடிக்கிறீர்களா?
4. வாரில் தீட்டிய பிறகு கத்தி முன்பு போலவே வெட்டுகிறதா?

நான்காவதற்கு மட்டும் "இல்லை" என்றால் தவறு உங்கள் கையில் இல்லை. கத்தியைக் கல்லில் தீட்டும் நேரம் வந்துவிட்டது. முதல் முறை அதை அனுபவமுள்ளவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். முதல் மூன்றில் எதற்காவது "இல்லை" என்றால், இன்னும் இரண்டு வாரம் ஒரே சுற்றுச் சவரத்தோடு நில்லுங்கள்.

முழு வழுவழுப்பு வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சுற்றுச் சவரத்தோடு வாழ்நாள் முழுவதும் நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. முகம் எரியாமல் வேலைக்குப் போக அதுவே போதும்.